மெக்னீசியம் சல்பேட் 50% ஊசி மருந்து: பூனை சிகிச்சைக்கு எந்த அளவுக்கு ஏற்றது?

மருந்துக் கடைகளில் 2 மில்லி ஆம்பூலாகக் கிடைக்கும் 50 சதவீத மெக்னீசியம் சல்பேட் மனிதர்களுக்கான மருந்து. பேறுகால வலிப்புக்கு முதல் தவணையாகவே 4 கிராம் சிரை வழியே செலுத்தப்படுவதால், ஆம்பூலுக்கு 1 கிராம் என்பது அங்கே சிறிய அளவுதான். 4 கிலோ எடையுள்ள பூனைக்கோ அதே ஆம்பூல் இரண்டு நாள் தேவையையும் தாண்டிவிடும்; அதை ஒரே மூச்சில் ஏற்றினால் இதயம் நின்றுபோகலாம். மருந்தின் தரத்தில் எனக்குக் குறையில்லை, விலையும் மலிவு. என் குறையெல்லாம் அதன் செறிவைப் பற்றியது.

ஆம்பூலின் மேல் கிராம் கணக்கு இருக்கிறது; கால்நடை மருத்துவ நூல்களோ மில்லி ஈக்விவலென்ட்டில் (அயனியின் மின்னூட்டத்தை வைத்துக் கணக்கிடும் அலகு) பேசுகின்றன. 1 மில்லியில் ஏறத்தாழ 4 மில்லி ஈக்விவலென்ட் உள்ளது. உயிருக்கு ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறில் கிலோவுக்கு 0.15 முதல் 0.3 மில்லி ஈக்விவலென்ட் வரை, 5 முதல் 15 நிமிடங்களில் மெல்ல ஏற்ற வேண்டும். கீழளவை எடுத்துக்கொண்டால் நம் பூனைக்கு 0.15 மில்லிதான் வரும். அதைத் துல்லியமாக உறிஞ்சுவதே பாடு என்பதால், மருந்து 1 மில்லியுடன் 5 சத டெக்ஸ்ட்ரோஸ் 9 மில்லி கலந்துகொள்வது நல்லது. அப்போது அதே அளவு 1.5 மில்லியாகி, சிரிஞ்ச் பம்பில் நிதானமாகச் செல்லும். மெக்னீசியக் குறைபாட்டை ஈடுசெய்ய நாளொன்றுக்குக் கிலோவுக்கு 0.75 முதல் 1 மில்லி ஈக்விவலென்ட் வரை போதும். பைகார்பனேட்டோ கால்சியமோ உள்ள திரவத்தில் இதைக் கலக்கக் கூடாது. ரிங்கர் லாக்டேட்டிலும் கால்சியம் உண்டு என்பது அவசரத்தில் மறந்துபோகும்.

நீரிழிவுக் கீட்டோஅசிடோசிஸில் (நீரிழிவு முற்றி இரத்தம் அமிலமாகும் நிலை) இன்சுலின் தொடங்கிய பூனைக்கும், பல நாள் பட்டினிக்குப் பின் குழாய் வழியே உணவூட்டப்படும் பூனைக்கும் பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தும் ஏறாமல் நிற்கும்போது, மெக்னீசியக் குறைபாட்டைச் சந்தேகித்துப் பரிசோதிப்பது இந்த மருந்தின் உண்மையான பயனைக் காட்டும். ஆனால் உடல் மெக்னீசியத்தில் 1 சதவீதம் மட்டுமே இரத்தத்தில் இருப்பதால், ஆய்வக எண்ணை மட்டும் நம்பிவிட முடியாது.

சிறுநீர் அடைப்பும் சிறுநீரகச் செயலிழப்பும் உள்ள பூனைகளில் மெக்னீசியம் ஏற்கெனவே மிகுந்திருக்கலாம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியா, கிரியேட்டினின் உயர்ந்திருந்தும் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அளவை 50 முதல் 75 சதவீதம் குறைக்க வேண்டும். செலுத்தும்போது இசிஜியும் இரத்த அழுத்தமும் கண்முன் இருக்கட்டும். வாந்தி, முழங்கால் அனிச்சை மங்குதல், மூச்சு ஆழம் குறைதல், துடிப்பு மந்தமாதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பம்பை உடனே நிறுத்தி, முறிமருந்தான 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட்டைக் கிலோவுக்கு 0.5 முதல் 1.5 மில்லி வரை மெதுவாக ஏற்ற வேண்டும். அந்த முறிமருந்து கைவசம் இல்லாத மருத்துவமனை இந்த ஆம்பூலை உடைக்கவே கூடாது என்பேன்.

மாடுகளின் பால் காய்ச்சலுக்கு (கன்று ஈன்றபின் கால்சியம் குறைவதால் வரும் நோய்) வரும் கால்சியம்-மெக்னீசியக் கலவைப் புட்டி இதற்கு மாற்றாகாது. மெக்னீசியம் தேவைப்படும் பூனைக்கு, கூடவே எவ்வளவு கால்சியம் போகிறது என்பதைத் தனியே கட்டுப்படுத்த அதில் வழியில்லை.