காட்டுக்கு எந்தக் கத்தி: மெல்லிசா, தடியா?

முகாமுக்குக் கத்தி வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது என்ன ஸ்டீல் என்றுதான். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது முதுகு, அதாவது வெட்டும் விளிம்புக்கு எதிர்ப்பக்கம், எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்பதை, ஸ்டீல் எல்லாம் அதற்கு அப்புறம். (மடக்குக் கத்தியை இங்கே சேர்க்கவில்லை. மண்ணும் பிசினும் போய் அடைவதும் அழுத்தினால் ஆட்டம் காண்பதும் அதன் கீலில்தான்.)

அடிக்கடி அடிபடும் நாலு பெயர்களை எடுத்துக்கொள்வோம். சுவீடனின் மோரா கம்பேனியன் 2.5 மி.மீ. தடிமன், அதே கம்பெனியின் கார்பெர்க் 3.2. அமெரிக்காவின் எஸ்ஸி 4 ஏறக்குறைய 4.8, கேபார் பெக்கர் பிகே2 கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. பிளேடு நீளத்தில் முதல் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பத்து பதினொரு சென்டிமீட்டர். பிகே2 மட்டும் பதிமூன்றைத் தாண்டும்.

ஒரு கேரட்டை வெட்டிப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரிந்துவிடும். கம்பேனியன் வழுக்கிக்கொண்டு இறங்கும். பிகே2 பாதி இறங்கியதும் ஆப்பு மாதிரி நின்று கேரட்டைப் பிளக்கும், துண்டு எகிறிப் போய் எங்கேயோ விழும். எஸ்ஸி 4 முதுகிலிருந்தே சரிவாகத் தீட்டப்பட்டிருப்பதால் அதன் தடிமனுக்கு எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வெட்டுகிறது. முகாமில் கத்திக்கு வரும் வேலையில் பெரும்பங்கு இதுதான்: காய், கயிறு, பாக்கெட், குச்சி சீவுவது.

நெருப்பு மூட்டச் சுள்ளியைச் சுருள் சுருளாகச் சீவும்போது மோரா இரண்டும் தனி ரகம். விளிம்பின் இரு பக்கமும் ஒரே ஒரு அகலமான தட்டைச் சரிவு, அது மரத்தில் படிந்து உட்காரும், கையை லேசாகச் சாய்த்தாலே சுருளின் தடிமன் மாறும். சாணை பிடிக்கவும் இதுதான் சுலபம், அந்தச் சரிவைக் கல்லில் பட்டென்று வைத்துத் தேய்த்தால் கோணம் தானாக அமைந்துவிடும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்லது வேறில்லை. ஆனால் விளிம்பு மெல்லிசு என்பதால் எலும்பிலோ கெட்டியான கணுவிலோ முறுக்கினால் பல் விழும்.

அடுத்து, முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்கிற வேலை. தடிக் கத்திக்காரர்கள் மார்தட்டுவது இங்கேதான், அதில் நியாயமும் இருக்கிறது. கம்பேனியனின் இரும்பு கைப்பிடிக்குள் முழுக்கப் போவதில்லை, நடுவிலேயே நின்றுவிடும். விரல் பருமன் குச்சியைத் தாராளமாகப் பிளக்கலாம், மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் நான் துணிய மாட்டேன். மற்ற மூன்றிலும் இரும்பு கடைசி வரை ஓடுகிறது. கார்பெர்கில் அது கைப்பிடியின் அடியில் வெளியே எட்டிப் பார்க்கிறது, முதுகையும் கூராகச் சீவியிருப்பதால் நெருப்பு மூட்டும் ஃபெரோ கம்பியில் உரசினால் பொறி கொட்டும். குறை என்றால் அந்தக் கைப்பிடிதான், கம்பேனியனின் ரப்பர் பிடி தரும் இதம் அதில் இல்லை.

சரி, ஸ்டீலுக்கு வருவோம். மோரா இரண்டும் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸில் கிடைப்பவை, கம்பேனியனில் 12சி27 என்ற ரகம், கார்பெர்கில் 14சி28என் என்ற ரகம். எஸ்ஸி 4-இன் வழக்கமான வடிவம் 1095 கார்பன் ஸ்டீல், பிகே2-வில் வருவது அதன் உறவுக்காரன். கார்பன் ஸ்டீல் அடி தாங்கும், சீக்கிரம் தீட்டலாம். ஆனால் எலுமிச்சையை வெட்டித் துடைக்காமல் வைத்தால் கறுத்துவிடும், ஈரத்தில் விட்டால் ஒரே இரவில் துரு பூக்கும். மேலே பூச்சு இருக்கிறதே என்று நம்பாதீர்கள், தீட்டிய விளிம்பில் பூச்சு ஏது? கடற்கரை, மழைக்காலம், துடைக்கச் சோம்பல், இதில் எது பொருந்தினாலும் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள்.

ஒன்றே ஒன்றுதான் என்றால் என் ஓட்டு கார்பெர்குக்கு. எடையும் செலவும் குறைய வேண்டுமென்றால் கம்பேனியனோடு ஒரு சின்ன மடக்கு ரம்பம். அரைக்கிலோவை நெருங்கும் பிகே2-வைச் சுமப்பதைவிட இந்த ஜோடி அதிக வேலை செய்யும், ஏனென்றால் ரம்பத்தால் அறுத்த விறகைப் பெரும்பாலும் பிளக்கவே தேவைப்படாது. ரம்பமோ கோடரியோ எடுத்துப் போக வழியில்லை, குளிர் நாட்டில் ஈர விறகைப் பிளந்து உள்மரத்தை எடுத்தால்தான் தீ பிடிக்கும் என்ற நிலை இருந்தால் மட்டும் எஸ்ஸி 4 பக்கம் போங்கள்.