மாரியைத் தாண்டியவை: வீட்டுச் சாமானில் செய்த மேசை விளையாட்டுக் காட்சிப்பொருட்கள்

மேசை விளையாட்டுக்கு வேண்டிய சின்ன வீடு, மதில், மரம், கிணறு எல்லாவற்றையும் கையில் கிடைப்பதை வைத்து எப்படிச் செய்வது என்று காட்டும் காணொளிகள் நிறைய உண்டு. செய்து முடித்த அன்று எதுவும் வடிவாய்த்தான் இருக்கும். ஒரு கார்த்திகை மழையைக் கண்ட பிறகு, பல கை பட்டுப் பெட்டிக்குள் போய்வந்த பிறகு, சித்திரை வெக்கையில் கிடந்த பிறகு எது மிஞ்சியது என்பதுதான் எனக்கு முக்கியம். அதை யாரும் சொல்லக் கண்டதில்லை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடி, சின்ன ஆள் உருவங்களை மேசையில் நகர்த்திக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடும் எங்கள் சிறு கூட்டத்துக்கு இந்தச் சாமான்களைச் செய்வது என் பொறுப்பு. சில வருடப் பாவனைக்குப் பிறகு இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டில் வார்த்து விற்கும் ஆயத்தக் கட்டடங்கள் எங்களுக்கு எப்போதுமே எட்டாத விலைதான். 2022இல் ரூபா விழுந்து, இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் வந்தபோது அந்த நினைப்பையே விட்டுவிட்டோம். உருவங்கள் மட்டும் கனடாவிலிருந்து வந்த மச்சானின் பெட்டியில் வந்தவை. மேசையில் மற்ற எல்லாம் இங்கத்தையது.

முதலில் அளவு. எங்கள் உருவங்கள் 28 மி.மீ. வகை. இந்த விளையாட்டில் ஓர் அங்குலக் கட்டம் 5 அடியைக் குறிக்கும். அதாவது அறுபதில் ஒன்று. அந்தக் கணக்கில் 2 மி.மீ. தடிப்புள்ள நெருப்புக்குச்சி 12 செ.மீ. தடித்த கூரை வளையாகிவிடும். 1 மி.மீ. ஈர்க்கு 6 செ.மீ. வேலிக் கதியாலாகும். இது மனதில் பதிந்தால் குசினியில் எதைப் பார்த்தாலும் அது மேசையில் என்னவாகும் என்று கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

எல்லாரும் முதலில் எடுப்பது ரெஜிபோம், மணி மணியாய் இருக்கும் அந்த வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக். சாப்பாட்டுப் பெட்டி, கோப்பை, தட்டு என்று அதைச் செய்வதும் விற்பதும் 2017 செப்டெம்பரிலிருந்து தடை. ஆனாலும் ரிவி, ஃபிறிட்ஜ் பெட்டிகளுக்குள் வரும் துண்டுகளும், மணவறைச் சோடனை செய்பவர்களிடம் மிஞ்சும் துண்டுகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. சோடனைக்காரரிடம் கேட்டு வாங்குவது நல்லது, அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் நெருக்கமான மணியுள்ள ரகம். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி அதன் மேல் உருட்டினால் கல்லின் சொரசொரப்பு வரும். பிறகு கறுப்பு எமல்சன் பெயின்ற்றில் வெள்ளைப் பசை கலந்து இரண்டு தடவை பூசி மூட வேண்டும். ஸ்பிரே பெயின்ற் நேராகப் பட்டால் அதிலுள்ள கரைப்பான் ரெஜிபோமைத் தின்றுவிடும்; சுப்பர் குளூவும் அப்படித்தான். சூட்டுக் கம்பியால் வெட்டுவதானால் வெளியில், காற்று வரும் இடத்தில் வெட்டுங்கள். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

என் தீர்ப்பு இது: ரெஜிபோம் ஈரத்துக்கு அசையாது, விரலுக்குத்தான் தோற்கும். மலை, பள்ளம், கடற்கரைப் பாறை என்று அடியில் கிடக்கும் பொருளுக்கு அதைவிட நல்லது இல்லை. கதவுநிலை, மதில் விளிம்பு என்று கை படும் மூலைகள் மணி மணியாய் உதிர்ந்துவிடும்.

அதற்கு மருந்து முட்டை அடுக்கி வரும் கூழ் அட்டைத் தட்டு. யாழ்ப்பாணக் கோட்டையின் கொத்தளம் ஒன்றைச் செய்தபோது இது உறுதியானது. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐங்கோணமாகப் பெருப்பித்த கோட்டை அது. ஐந்து கொத்தளங்களுக்கும் தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயரை வைத்தார்கள். முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த அந்த மதிலின் பொருக்கு முகம், முட்டைத் தட்டின் மேற்பரப்பில் ஏற்கெனவே இருக்கிறது. உள்ளே சரிவாக வெட்டிய ரெஜிபோம். வெளியே முட்டைத் தட்டைச் சின்னச் சின்னக் கல்லாக வெட்டி, வரிசை மாற்றி ஒட்டினேன். மூலைக் கற்களை மட்டும் மடித்து இரண்டு முகத்துக்கும் பொதுவாக ஒட்டினால் விளிம்பு உதிராது. முழுக் கோட்டை தேவையில்லை. ஒரு கொத்தளமும் இரண்டு மதில் துண்டும் இருந்தால் மேசையில் கோட்டை நிற்கும். நெடுந்தீவில் சாந்து இல்லாமல் அடுக்கிய கல்வேலிகளுக்கும் இதே தட்டுத்தான், பிய்த்து ஊறவைத்து உருட்டிக் காயவிட்ட துண்டுகள். உண்மையான முருகைக்கல்லைக் கடற்கரையில் பெயர்க்க வேண்டாம். சட்டமும் தடுக்கிறது, தேவையும் இல்லை.

காட்போட் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாரியில் முதலில் மனம் நோக வைப்பது அதுதான். ஒரு பக்கம் மட்டும் பசையும் பெயின்ற்றும் பூசிய அட்டை, அந்தப் பக்கம் காயும்போது சுருங்கி வளையும். மழைக்காலத்தில் மற்றப் பக்கம் ஈரம் குடித்து இன்னும் வளையும். அதனால் ஒரு பக்கம் தாள் ஒட்டினால் மறுபக்கமும் அதே தாளை ஒட்ட வேண்டும். புத்தகம் கட்டுபவர்களின் பழைய வழி இது. பெட்டி அட்டை என்றால் இரண்டு துண்டை, உள்ளே இருக்கும் நெளிவு ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி ஒட்டி, பாரம் வைத்துக் காயவிடுங்கள். அப்படிச் செய்த வீட்டுச் சுவர்கள் இன்றும் நேராக நிற்கின்றன. மெல்லிய வேலைக்குப் பால்மாப் பெட்டி அட்டை போதும். அடித்தட்டுக்கு அட்டையே வேண்டாம், பழைய சீடி போடுங்கள். 12 செ.மீ. வட்டம், எந்த மழைக்கும் வளையாது. மினுக்கத்தை மண்தாளால் உரஞ்சிவிட்டால் பசை பிடிக்கும்.

இனி நான் ஆசையோடு எழுதக் காத்திருந்த இடம். காணொளிகள் எல்லாம் ஐரோப்பியக் காட்டு வழியையும் ஓட்டுக் கூரையையும் காட்டுகின்றன. அதற்கு வேண்டிய புல்லும் பாசியும் கடையில் வாங்கும் சரக்கு. எங்கள் வளவுக்குள் கிடப்பவை வேறு. பனையும் தென்னையும் தரும் பொருட்கள்தான் இத்தனை மாரிக்குப் பிறகும் கொஞ்சமும் மாறாமல் இருக்கின்றன. அவை வெயிலுக்கும் மழைக்கும் நடுவே வளர்ந்த நார்கள்; பெட்டிக்குள் இருக்கும் ஈரம் அவற்றுக்கு ஒரு பொருட்டேயில்லை.

மட்டையடியில் வலைபோல் இருக்கும் பன்னாடையைத் துண்டாக வெட்டிப் போட்டால் இடிந்த மதிலில் படர்ந்த கொடி; இன்னும் மெல்லிதாகப் பிரித்தால் மீன்வலை. எடுத்தவுடன் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைத்துவிடுங்கள், பூச்சி முட்டை இருந்தால் போய்விடும். தேங்காய்த் தும்பைக் கற்றையாகப் பிடித்து ஒரு முனையைப் பசையில் தோய்த்து நட்டு, மேலே கத்தரித்தால் புல்லுப் பற்றை. பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சைப் பிய்த்துப் பச்சை பூசிச் செய்த பற்றைகள் மஞ்சளித்துத் தூளாகிக் கொட்டிவிட்டன. தும்புப் பற்றை அப்படியே இருக்கிறது. காட்டுத் தரைக்குப் பாவித்த தேயிலையை நன்றாக வறுத்துப் போடலாம், நிறமே பூசத் தேவையில்லை. வறுக்காமல் வெறுமனே காயவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஓலை வேலைக்கு, பெட்டி பாய் இழைக்கும் பனஞ் சார்வோலை. காய்ந்த நிலையில் மடித்தால் வெடிக்கும், கொஞ்சம் நனைத்துக்கொண்டு கீலம் கீலமாகக் கிழிக்க வேண்டும். ஈர்க்குக் கதியால்களை வரிசையாக நட்டு, ஓலைக் கீலங்களை அணைத்துத் தையல் நூலால் கட்டினால் பனையோலை வேலி. மேசையில் அந்த வேலிக்குப் பெரிய வேலை இருக்கிறது. உருவத்தை மறைக்கும், ஆனால் மதிலைப் போலத் தடுக்காது. பொட்டு (ஓட்டை) வைத்துப் புகுந்து போகலாம். எங்கள் ஆட்டத்தில் கோட்டை மதிலைவிட இந்த வேலிகளுக்குப் பின்னால்தான் கூடுதலாகச் சண்டை நடக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த துண்டு சங்கடப்படலை. இரண்டு பக்கமும் தூண், மேலே சின்னக் கூரை, நடுவில் படலை. வெய்யிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர் ஒதுங்கி நின்ற வாசல். ஊருக்குள் அசல் சங்கடப்படலைகள் குறைந்துகொண்டே போகின்றன, அதனாலேயே இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். கூரை வேய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஐயா வேலியால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கீழை இருந்து மேலை வேய வேணும் தம்பி. மேல் வரி கீழ் வரிக்கு மேலை கிடந்தால்தான் தண்ணி வழுக்கிப் போகும், இல்லாட்டி உள்ளுக்கை ஒழுகும்." விரலளவுக் கூரையில் தண்ணீர் ஒழுகப் போவதில்லை. ஆனாலும் அவர் சொன்னபடி வேய்ந்ததும் அது கூரையாகத் தெரிந்தது. அன்றிலிருந்து எதைச் செய்தாலும், அசலை எந்த ஒழுங்கில் கட்டுவார்களோ அதே ஒழுங்கில்தான் செய்கிறேன்.

மண்ணிலும் இரண்டு விஷயம். கடல் மண்ணை அப்படியே ஒட்டக்கூடாது. உப்பு ஈரத்தை இழுக்கும், மாரியில் பெயின்ற்றுக்கு மேல் வெள்ளையாய்ப் பூத்து உரியும். பல தடவை கழுவ வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரில். கரையோர ஊர்களில் உவர்க் கிணறு உள்ளவர்கள் மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். மற்றது எங்கள் செம்மண். உரும்பிராய், கோண்டாவில் பக்கத்துத் தோட்ட மண்ணை மெல்லிய துணியில் அரித்து, தண்ணீர் கலந்த பசையில் குழைத்தால் அதுவே நிறம். அந்தச் சிவப்பு இரும்பு ஒட்சைட்டால் வருவது, வெயிலில் வெளிறாது. மஞ்சள் தூள் கலந்து பூசிய வைக்கோல் போர் ஜன்னலோரம் இருந்து வெளுத்துப்போனது. அதற்குப் பக்கத்தில் இருந்த செம்மண் ஒழுங்கை பூசிய நாளில் இருந்த நிறத்திலேயே இருக்கிறது. காய்ந்த பிறகு அதே மண்தூளைப் பிறஷால் சுவரின் அடிப்பாகத்தில் தேய்த்துவிட்டால் மழையில் மண் தெறித்த வீடாகிவிடும்.

பசைகளில் வெள்ளைப் பசையே போதும். கோதுமை மாப் பசை மலிவு, நன்றாகவும் பிடிக்கும், ஆனால் கரப்பானுக்கு விருந்து. சூட்டுப் பசை அவசரத்துக்கு நல்லது. பங்குனி சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் இளகி விட்டுக்கொடுக்கும், ஆகவே பாரம் தாங்கும் மூட்டுக்கு வேண்டாம். மேற்பூச்சுக்கும் பலர் வெள்ளைப் பசையையே கரைத்துப் பூசச் சொல்கிறார்கள். இங்கத்தைய மார்கழி ஈரத்தில் அது பிசுபிசுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பொழுதுபோக்குக்கென்றே காசு கொடுத்து வாங்கியே ஆக வேண்டிய ஒரே பொருள் தண்ணீர் கலந்து பூசும் வகை, மினுக்கமில்லாத வார்னிஷ் என்பது என் முடிவு. சின்னப் போத்தல் போதும், நெடுநாள் வரும்.

எடுத்து வைக்கும்போது பூச்சிக்கு நப்தலீன் உருண்டை போடும் பழக்கம் வீடுகளில் உண்டு. ரெஜிபோம் இருக்கும் பெட்டிக்குள் அதைப் போடாதீர்கள். அந்த ஆவியே ரெஜிபோமை இளக்கிக் குழியாக்கும். யோகட் கோப்பையில் செய்த கிணற்றுக்கட்டு, கோபுரம் போன்றவற்றுக்கும் இது பொருந்தும், அந்தக் கோப்பைகளும் பல நேரம் அதே வகைப் பிளாஸ்ரிக்தான். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போடுங்கள். பெட்டியைச் சுவரோடும் தரையோடும் சேர்த்து வைக்காமல் வாங்கின் மேல் வைத்தால் கறையான் ஏறுவது உடனே கண்ணில் படும். மாரி முடிந்து தை வெயில் வந்ததும் எல்லாவற்றையும் ஒரு காலை முழுக்க வெளியே பரப்பி வைப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

இப்போது மேசையில் பாதியில் இருப்பது பருத்தித்துறைத் தெருமூடிமடம். தெருவே மடத்துக்கு நடுவால் போகும் கட்டடம், விளையாட்டுக்கு இதைவிட நல்ல இடுக்கு கிடைக்காது. தூண்களுக்குப் பென்சில் துண்டுகளில் முட்டைத் தட்டைச் சுற்றியிருக்கிறேன், கூரைக்குக் குறுக்கு ஒட்டிய காட்போட், அடிக்கு நான்கு சீடி. வரும் கார்த்திகை முழுக்க விறாந்தையிலேயே திறந்து வைத்துப் பார்த்துவிட்டு, தூணடியில் ஒட்டு விடாமல் இருந்தால் தையில் ஆட்டத்துக்கு இறக்குவோம்.