ஏரிமேல் பறப்பது ஆலாவா, கடற்காகமா?

வேலூர்ப் பக்கம் குளிர்காலத்தில் ஏரிமேல் வெள்ளையாக எது பறந்தாலும் கடற்காகம் என்றுவிடுகிறார்கள். பழைய வட ஆற்காட்டின் காவேரிப்பாக்கம் ஏரியில் அது பெரும்பாலும் மீசை ஆலா (Whiskered Tern) என்ற சிறு நீர்ப்பறவைதான்.

அலகைப் பாருங்கள். ஆலாவுக்கு மெல்லிய, கூரான அலகு. பறக்கையில் கீழ்நோக்கியே இருக்கும். தாழ வந்து, நீர்மட்டத்தில் பூச்சியையோ சிறு மீனையோ கொத்திக்கொண்டு மேலேறும் அழகை எவ்வளவு நேரமும் பார்க்கலாம். உடல் 25 செ.மீ. அளவுதான்.

பழுப்புத்தலைக் கடற்காகம் 42 செ.மீ. வரும். தடித்த சிவப்பு அலகு, கருத்த நுனி. சிறகின் கரு முனையில் வெள்ளைத் திட்டுகள். பெயரை நம்பிப் பழுப்புத் தலையைத் தேடாதீர்கள். குளிர்காலத்தில் தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் கரும்பொட்டு மட்டும். வாத்துபோல நீரில் மிதக்கும், மீன்பிடிப் படகுகளைத் தொடரும். இதைப் பார்க்கப் பழவேற்காடு போவதே சரி.