எலக்ட்ரம் வொலட்: காசு பத்திரம், இரகசியம் அவ்வளவு இல்லை

இலங்கை மலையகத்தில் கொட்டகலையில் இருந்துகொண்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு லோகோ, பெனர், மெனு கார்ட் என்று வரைந்து கொடுத்துச் சம்பாதிக்கிறவன் நான். அவர்களில் இரண்டு மூன்று பேர் பிட்கொயினில்தான் காசு தருவார்கள், வேறு வழி கேட்டால் வேலையே வேண்டாம் என்பார்கள். அதனால் எலக்ட்ரம் என்ற வொலட்டை (பிட்கொயினை வாங்கவும் அனுப்பவும் உதவும் சொஃப்ட்வெயர்) மூன்று வருசமாக லெப்டொப்பில் பாவிக்கிறேன். பிட்கொயின் வாங்கலாமா, விலை ஏறுமா என்று கேட்கிறவர்கள் இதோடு நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம், எனக்கு அது தெரியாது. வொலட் மக்கர் பண்ணினால் என்ன செய்வது, நம்மைப் பற்றி அது யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது, இந்த இரண்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எலக்ட்ரம் 2011 இல் வந்தது, தோமஸ் வோக்ட்லின் என்பவர் தொடங்கியது, இலவசம், நிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது. பார்க்க அழகாக இருக்காது. பழைய கணக்கு சொஃப்ட்வெயர் போலச் சாம்பல் நிறத்தில் நாலைந்து பட்டை, அவ்வளவுதான். ஆனால் பாரமே இல்லை. இதுவரை நடந்த எல்லாப் பரிமாற்றமும் இருக்கிற பிட்கொயினின் முழுப் பதிவேடும் இப்போது 600 ஜிபியைத் தாண்டிவிட்டது, அதை இறக்க வேண்டுமென்றால் என் மாத டேட்டாவுக்கு ஆயுசு போதாது. எலக்ட்ரம் அதை இறக்காது. உலகம் பூராவும் யார் யாரோ நடத்தும் சேர்வர்களில் ஒன்றைக் கூப்பிட்டு "இந்த விலாசங்களில் எவ்வளவு இருக்கிறது" என்று கேட்டுக்கொள்ளும். விலாசம் என்பது காசு வந்து விழுகிற இலக்கம். போட்ட சில நிமிடத்தில் வேலைக்குத் தயார். இந்த வசதியே பின்னால் இரகசியத்துக்கு வினையாகிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு கூத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருசம் ஆடி மழையில் கரண்ட் போனது. என் லெப்டொப்பின் பேட்டரி செத்து ரொம்ப நாள், வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். கரண்ட் வந்ததும் போட்டேன், எலக்ட்ரத்தின் கீழ் மூலையில் சிவப்புப் புள்ளி. இணைப்பு இல்லை என்று அர்த்தம். சிக்னலாக இருக்கும் என்று நினைத்து சேர்வரை மாற்றினேன், தங்கச்சியின் போனில் இருந்து ஹொட்ஸ்பொட் எடுத்தேன், கடைசியில் லெப்டொப்பையும் தூக்கிக்கொண்டு தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்குக்கு ஏறிப் போய் (அங்கேதான் கோபுரம் நேராகத் தெரியும்), கோயில் மண்டபத்தில் ஒரு பிளக்கில் குத்திப் பார்த்தேன். அங்கேயும் சிவப்பு. இரண்டு மணிநேரம் போன பிறகுதான் கண்ணில் பட்டது, கொம்பியூட்டரின் திகதி 2015 ஜனவரி 1. உள்ளே இருக்கிற சின்ன வட்ட பேட்டரி செத்திருக்கிறது, கரண்ட் போனதும் கடிகாரம் பின்னால் ஓடிவிட்டது. சேர்வரின் சான்றிதழைச் சரிபார்க்கும்போது வொலட் திகதியையும் பார்க்கும். 2015 இல் நிற்கிற கொம்பியூட்டருக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, பிறகு எப்படி நம்பும்? திகதியைச் சரி செய்ததும் பத்து விநாடியில் பச்சை. பிரவுசரும் அதே நேரம் எந்தத் தளத்தைத் திறந்தாலும் எச்சரிக்கை காட்டிக்கொண்டுதான் இருந்தது, அதைக் கவனித்திருந்தால் மலை ஏறியிருக்க வேண்டாம்.

அடுத்தது, அனுப்பின காசு போய்ச் சேராமல் நிற்பது. இதற்குத்தான் ஆட்கள் ஆகக் கூடப் பயப்படுகிறார்கள், உண்மையில் இது ஆகச் சின்ன விசயம். பிட்கொயினில் கட்டணம் அனுப்பும் தொகையைப் பார்த்து வருவதில்லை, பரிமாற்றம் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைப் பார்த்து வருவது. ஒரு பிட்கொயின் என்பது 10 கோடி சட்டோஷி. இடத்தின் ஒவ்வொரு அலகுக்கும் இத்தனை சட்டோஷி என்று நாமே போடலாம். நான் கஞ்சத்தனம் பண்ணி 2 போட்டேன், அன்று வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அதைவிடக் கூடப் போட்டிருந்தார்கள். சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளொக் (பதிவேட்டில் புதிதாகச் சேர்கிற ஒரு பக்கம் மாதிரி), அதில் இருக்கிற இடத்துக்குக் கூடக் காசு கொடுக்கிறவன் முன்னால் போவான், நான் மூன்று நாள் பின்னால் நின்றேன். அந்தப் பரிமாற்றத்தின் மேல் வலது கிளிக் செய்தால் கட்டணத்தைக் கூட்டும் வாய்ப்பு இருக்கிறது, கூட்டினேன், அரை மணிக்குள் போய்விட்டது. நமக்கு வரவேண்டிய காசு இப்படி நின்றாலும் வழி உண்டு, வந்துகொண்டிருக்கிற அந்தக் காசையே நல்ல கட்டணம் போட்டு நமக்கே அனுப்பினால் பிள்ளை தாயை இழுக்கிற மாதிரி புதுப் பரிமாற்றம் பழையதையும் இழுத்துக்கொண்டு போகும், அதுவும் அதே வலது கிளிக்கில்தான். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் காசு தொலையாது. பிட்கொயின் வலையில் உள்ள பெரும்பாலான கணினிகள் இரண்டு வாரத்தில் அந்தப் பரிமாற்றத்தை மறந்துவிடும், காசு பழையபடி உங்கள் வொலட்டிலேயே இருக்கும்.

சித்தப்பா மகன் ஒருநாள் தலவாக்கலையில் இருந்து அழாத குறையாகக் கோல் எடுத்தான். போன் உடைந்துவிட்டது, அதில் இருந்த வேறொரு வொலட்டின் 12 சொல்லை (வொலட்டைத் திரும்ப எடுக்கிற சொற்கள், இவை யார் கையில் இருக்கிறதோ காசும் அவன் கையில்) கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான் (நல்ல பிள்ளை), அதை எலக்ட்ரத்தில் அடித்தால் அடுத்து என்ற பொத்தான் வேலை செய்யவே மாட்டேன் என்கிறது. எழுத்துப் பிழை என்று நினைத்து அரை நாள் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறான். பிழை அதில் இல்லை. இரண்டும் 2048 சொல் கொண்ட ஒரே ஆங்கிலப் பட்டியலில் இருந்து எடுக்கிற 12 சொல்தான், ஆனால் எலக்ட்ரம் தன் சொற்களைச் சரிபார்க்கும் முறை வேறு, மற்ற வொலட்டுகள் பெரும்பாலும் பாவிக்கும் பிப்39 முறை வேறு. பக்கத்தில் இருக்கிற ஒப்ஷன்ஸ் பொத்தானை அமுக்கி பிப்39 என்று தெரிவு செய்தால்தான் ஏற்றுக்கொள்ளும். செய்யச் சொன்னேன், செய்தான், பெலன்ஸ் 0. "அண்ணே, போச்சுண்ணே" என்றான். போகவில்லை. ஒரே 12 சொல்லில் இருந்து மூன்று நாலு வகை விலாசம் பிறக்கும், பழைய போன் வொலட் எந்த வகையில் காசை வைத்திருந்ததோ அதே வகையை இங்கேயும் தெரிவு செய்ய வேண்டும். எது என்று தெரியாவிட்டால் ஏற்கனவே உள்ள கணக்கைத் தேடச் சொல்லும் பொத்தான் அதே பக்கத்தில் இருக்கிறது. அதை அமுக்கினான், காசு வந்தது, போனை வைத்துவிட்டான், நன்றி கூடச் சொல்லவில்லை.

இப்போது இரகசியத்துக்கு வருவோம்.

நான் இன்வொய்ஸ் மாதிரி ஒன்று செய்து அதில் ஒரே விலாசத்தை நிரந்தரமாகப் போட்டு வைத்திருந்தேன். எலக்ட்ரம் ஒவ்வொரு முறையும் புது விலாசம் தரும், சோம்பேறித்தனம் என்னுடையது. மூன்றாவது வேலைக்குக் காசு கேட்டபோது வேலை தந்த ஆள் எழுதினான்: போன வாரம் இன்னொருவன் உனக்கு என்னைவிடக் குறைவாகத்தானே கொடுத்திருக்கிறான், எனக்கு மட்டும் ஏன் கூட? முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தோட்டத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்கிறது சுலபம். பிட்கொயினின் பதிவேடு செக்ரோலை (தோட்டத்து வேலை, சம்பளப் பதிவு) கொண்டுபோய், காலையில் எல்லாரும் கூடுகிற பிரட்டுக்களத்துச் சுவரில் ஒட்டி வைத்த மாதிரி. பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். ஆனால் உங்கள் இலக்கம் எது என்று ஒருவனுக்குத் தெரிந்துவிட்டால், எத்தனை பேர் (நாள் சம்பளம்) விழுந்தது, எது அரைப் பேர், எவ்வளவு அட்வான்ஸ் எடுத்தீர்கள் என்று எல்லாவற்றையும் அவன் படித்துவிடுவான். அதனால் ஒரு ஆளுக்கு ஒரு விலாசம், ஒரு தரத்துக்கு ஒரு விலாசம். இது முதல் வேலை.

அதோடு முடியவில்லை. மேலே சொன்ன சேர்வர் இருக்கிறதே, எலக்ட்ரம் அதனிடம் உங்கள் எல்லா விலாசத்தைப் பற்றியும் ஒன்றாகக் கேட்கிறது. ஆக இத்தனை விலாசமும் ஒரே ஆளுடையது, இந்த ஐபியில் (நம் இணைய இணைப்பின் இலக்கம்) இருந்து கேட்கிறான் என்று அந்தச் சேர்வர்காரனுக்குத் தெரியும். அவன் காசை எடுக்க முடியாது, காசை அனுப்பத் தேவையான சாவி உங்கள் லெப்டொப்பை விட்டு வெளியே போகாது. ஆனால் குறித்து வைத்துக்கொள்ளலாம், அவன் யார் என்று நமக்குத் தெரியாது. டோர் பிரவுசரை (பல கணினிகள் வழியாகச் சுற்றிப் போய் நம் ஐபியை மறைப்பது) திறந்து வைத்துவிட்டு நெட்வேர்க் அமைப்பில் ப்ரொக்ஸியாக சொக்ஸ்5, 127.0.0.1, போர்ட் 9150 என்று போட்டால் புள்ளி நீலமாகும், ஐபி மறையும். எங்கள் பக்கத்துச் சிக்னலில் டோர் மாட்டுவண்டி வேகம்தான், ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வரலாம், பரவாயில்லை. ஆனால் விலாசங்கள் எல்லாம் ஒரே ஆளுடையது என்பது அப்போதும் சேர்வருக்குத் தெரியும். அதுவும் தெரியக் கூடாது என்றால் முழுப் பதிவேட்டையும் இறக்குகிற பிட்கொயின் கோர் என்ற சொஃப்ட்வெயரைச் சொந்தமாக ஓட்டி, அதற்கு மேல் சொந்தச் சேர்வர் வைக்க வேண்டும். என் டேட்டாவுக்கு அந்தப் பேச்சே இல்லை.

இவ்வளவும் செய்துவிட்டு, காசு வந்ததா என்று பார்க்க விலாசத்தைக் கொப்பி பண்ணி பதிவேட்டைத் தேடிப் பார்க்கிற ஏதாவது எக்ஸ்ப்ளோரர் தளத்தில் டோர் இல்லாமல் ஒட்டிப் பார்த்தால் எல்லாம் வீண். நானே பல தடவை செய்திருக்கிறேன்.

எலக்ட்ரத்தில் எனக்குப் பிடித்தது கொயின்ஸ் பட்டை. மெனுவில் போய் அதைக் காட்டச் சொல்ல வேண்டும், தானாகத் தெரியாது. உங்கள் பெலன்ஸ் ஒரே தொகையாகக் கிடப்பதில்லை, வந்த வந்த துண்டாகவே கிடக்கிறது, நோட்டு மாதிரி. கடைக்குப் போய் 300 ரூபா சாமானுக்கு 5000 ரூபா நோட்டை நீட்டினால் மிச்சக் காசு வரும், ஆனால் உங்களிடம் 5000 இருந்தது முதலாளிக்குத் தெரிந்துவிடும். இரண்டு மூன்று துண்டைச் சேர்த்துக் கொடுத்தால் அவை எல்லாம் ஒரே ஆளுடையவை என்று ஊருக்கே தெரியும். எந்தத் துண்டு போக வேண்டும் என்று இந்தப் பட்டையில் நீங்களே தெரிவு செய்யலாம், தொடக் கூடாததை உறைய வைக்கலாம், எது யார் தந்தது என்று குறிப்பும் எழுதலாம். இந்த விசயத்தில் ஸ்பரோ என்ற வொலட் இன்னும் நேர்த்தி. பொதுச் சேர்வரில் இருந்தால் மஞ்சள் நிறத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும், டோரும் உள்ளேயே இருக்கிறது. என் பழைய லெப்டொப்பில் திணறுகிறது, அதனால்தான் மாறவில்லை.

பாதுகாப்புப் பற்றி ஒரு பழைய கதை தெரிந்திருப்பது நல்லது. 2018 டிசம்பரில் கள்ளச் சேர்வர்கள் எலக்ட்ரத்தின் பிழைச் செய்தியாகவே "புதிய பதிப்பை இறக்குங்கள்" என்று ஒரு லிங்கை அனுப்பின, நம்பி இறக்கிய பலருடைய காசு போனது. பிறகு அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஆனாலும் கூகுளில் தேடி முதலில் வருகிற விளம்பரத்தை அமுக்காதீர்கள், போன் கடைப் பையன் ஷெயார் பண்ணித் தருகிற ஏபிகேயை (போனில் போடுகிற அப் ஃபைல்) வாங்கவே வாங்காதீர்கள். சொந்தத் தளத்தில் இருந்து இறக்கி, அதைச் செய்தவர்களின் டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபாருங்கள். அது ஒரு பத்து நிமிட வேலை, முதல் தடவை ஒரு மணிநேரம். கஸ்டமர் கெயார் என்று யாரும் கிடையாது. வட்ஸ்அப்பில் "எலக்ட்ரம் சப்போர்ட்" என்று யாராவது வந்தால் அவன் திருடன், வேறு யோசனையே வேண்டாம். இலங்கை மத்திய வங்கியும் 2022 ஜூலை உட்படப் பல தடவை எச்சரித்தது, கடன் அட்டை, டெபிட் அட்டை கொண்டு இதில் காசு கட்ட அனுமதியில்லை, ஏமாந்தால் முறையிட இடமும் இல்லை என்று.

அப்புறம் அந்த 12 சொல். ஹட்டனில் சிநேகிதனின் கொமியூனிகேஷன் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன் வந்து ஒரு தாளை நீட்டி, இரண்டு போட்டோகொப்பி, ஒன்றை லெமினேட் பண்ணுங்கள் என்றான். வேலை செய்கிற பிள்ளை தாளைப் பார்த்து "ரிவர், விண்டோ… என்ன தம்பி இது, ஸ்பெல்லிங் டெஸ்டா?" என்று சத்தமாகவே வாசிக்கத் தொடங்கிவிட்டாள். வரிசையில் ஆறு பேர். சில போட்டோகொப்பி மெசினுக்குள் ஹார்ட் டிஸ்க்கே இருக்கிறது. நான் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன், இன்றைக்கே புது வொலட் செய்து காசை அதற்கு மாற்று, இந்தத் தாளைக் கிழித்துப் போடு. அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நான்தான் திருடன் என்று நினைத்திருப்பான், அதுவும் நல்ல பழக்கம்தான்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நாலு. தராசில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணிக்கும் என்று கழிப்பார்களே, அப்படி ஒன்றைக் கழிக்கிறேன். டோரும் கொயின்ஸ் பட்டையும் முதல் நாளே கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டியவை, தேடிப் போனால்தான் கிடைக்கின்றன. காசு விசயத்தில் மூன்று வருசத்தில் ஒரு சட்டோஷி குறையவில்லை. அந்த வட்ட பேட்டரியைத்தான் இன்னும் வாங்கவில்லை, கரண்ட் போய் வந்தால் என் லெப்டொப்பில் இன்னமும் 2015 ஜனவரி 1தான்.