பொடிக் கடைக்கு வாட்ஸ்அப் பிசினஸ்: மூன்று வருடத்துக்குப் பிறகு

கரூரில் துணிப்பை தைத்து விற்கும் தோழி போன வாரம் நாலு நிமிடத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "இன்ஸ்டாவுல போடுங்கிறாங்க, ஃபேஸ்புக்ல பேஜ் வைங்கிறாங்க, ஷார்ட்ஸ் எடுங்கிறாங்க, கூகுள் மேப்ல கடையைச் சேர்த்தியாங்கிறாங்க. நான் பை தைக்கிறதா, இதையெல்லாம் பண்றதா? தலை சுத்துது. நீ எதை வச்சுடி ஓட்டுற?"

வாட்ஸ்அப் பிசினஸ் வைத்துத்தான் ஓட்டுகிறேன், சிறு கடைக்காரர்களுக்கென்று இருக்கும் தனி வாட்ஸ்அப் ஆப். மூன்று வருடமாகிறது. நல்லபடியாக நாலு வார்த்தை எழுதி அனுப்பலாம் என்று இருந்தேன். அதற்குள் நேற்று விடியற்காலை ஒன்று நடந்துவிட்டது. அதனால் கொஞ்சம் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருளைப் படத்தோடு அடுக்கிக் காட்டக் கேட்டலாக் இருக்கிறது, சாய்கோடு தட்டினால் முன்பே எழுதி வைத்த தயார்ப் பதில் வருகிறது, காசு கிடையாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. இதற்கு முன் நான் எப்படி இருந்தேன் என்பதைச் சொன்னால்தான் மீதி புரியும்.

ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே பொடி அரைத்து விற்கிறேன். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, அங்காயப் பொடி, ரசப்பொடி. ஒரு காலத்தில் போனுக்குள் மட்டும் எனக்கு ஐந்து கடை இருந்தது. போஸ்டர் போட்டுத் தர மாதம் 6,000 ரூபாய்க்கு ஒரு தம்பியையும் அமர்த்தியிருந்தேன். தமிழ்ப் புத்தாண்டுக்கு ஒன்று, ஆடிப்பெருக்குக்கு ஒன்று, மார்ச் 30 உலக இட்லி தினமாம், அதற்கும் ஒன்று. இட்லி தினப் போஸ்டருக்கு வாழ்த்து குவிந்தது. ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி முடித்துத் தலை நிமிர்ந்தால் மணி நாலரை. காலையில் வறுத்த உளுந்து தாம்பாளத்தில் அப்படியே கிடந்தது, நமுத்துப்போய். அன்றைக்கு இட்லி மிளகாய்ப் பொடி ஒரு கிராம்கூட அரைக்கவில்லை.

ஒரு ரீல் மட்டும் 38,000 பேர் பார்த்தார்கள். இரும்புச் சட்டியில் கறிவேப்பிலை வறுக்கும் ரீல். ஆர்டர் வந்தது இரண்டு. அதில் ஒருவர் கூரியர் செலவைக் கேட்டதும் காணாமல் போனார். மற்றபடி பாதிப் பேர் கேட்டது, சட்டி எங்கே வாங்கினீர்கள் என்று.

தளங்களை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாருக்கு விற்கிறேன் என்று நான்தான் யோசிக்கவில்லை. அங்காயப் பொடியை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு போட்ட பத்தியப் பொடி. வாங்குவது பெரும்பாலும் பிள்ளை பெற்றவளின் அம்மா. அவர் ரீல்ஸைப் பார்த்து வாங்குவதில்லை. சம்பந்தியம்மா சொல்லி, நாத்தனார் நம்பர் கொடுத்து, நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். "வேப்பம்பூ இந்த வருஷத்துதா?" என்பதுதான் முதல் கேள்வி.

சரி, ஆப்புக்கு வருகிறேன். என்னை மிகவும் எரிச்சலூட்டியது பிராட்காஸ்ட் லிஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பல பேருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி. ஒரு லிஸ்ட்டில் 256 பேர்தான். அதுகூடப் பரவாயில்லை, இன்னொரு லிஸ்ட் போட்டுக்கொள்ளலாம். ஆனால் என் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். இது தெரியாமல், பழைய ஆர்டர் நோட்டிலிருந்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஆயிரத்துச் சொச்சம் எண்களை ஏற்றி, ஐந்து லிஸ்ட் போட்டுப் பொங்கல் சலுகையை அனுப்பினேன். ஈ காக்கா வரவில்லை. திருவானைக்காவல் மாமி ஒருவரிடம் போனில் கேட்டால், "எனக்கு ஒண்ணும் வரலியேம்மா" என்கிறார். முதல் லிஸ்ட்டில் யாருக்குப் போயிருக்கிறது என்று திறந்து பார்த்தேன். 256 பேரில் 61 பேர்.

மூன்று வருடமாகத் தினம் ஒரு முறையாவது இந்த விதியைத் திட்டியிருப்பேன். ஆனால் என் மலைப்பு தீர்ந்ததும் இதனால்தான் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த 61 பேரின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஏறக்குறைய எல்லோரும் இரண்டு தடவைக்கு மேல் வாங்கியவர்கள். கடை என்று எனக்கு இருந்தது அவர்கள்தான். மீதி எல்லாம் நானாகப் போட்டுக்கொண்ட கூட்டம்.

அப்புறம் பார்சலில் ஒரு துண்டுச்சீட்டு வைக்க ஆரம்பித்தேன்: "இந்த எண்ணைப் 'பொடி' என்று சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், வியாழக்கிழமை மட்டும் செய்தி வரும்." இன்றைக்கு 190 பேருக்குப் போகிறது. வியாழன் செய்தி, சனி வரை ஆர்டர், திங்கள் அரைப்பு, செவ்வாய் கூரியர். போஸ்டர் தம்பிக்குக் கணக்கு முடித்துவிட்டேன். ஐந்து கடையில் மூன்றை மூடியாயிற்று. கோயிலுக்கு வருகிறவர்கள் தேடி வருவதால் கூகுள் மேப் மட்டும் கூட இருக்கிறது. அதில் போட்டோவும் நேரமும் சரியாக இருந்தால் போதும், தினமும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இது புதிய ஆளைக் கொண்டுவராது. கையில் ஒரு வாடிக்கையாளரும் இல்லாமல் இதை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வெறும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எதிர்பாராமல் பிடித்துப்போனது லேபிள், ஒவ்வொருவரின் சாட்டிலும் ஒட்டி வைக்கும் வண்ணச் சீட்டு. மொத்தம் 20தான் வைக்கலாம். 'பணம் வரணும்' மஞ்சள், 'அனுப்பியாச்சு' பச்சை, இதெல்லாம் எல்லோரும் செய்வது. நான் பன்னிரண்டு லேபிளுக்கு மாதப் பெயர் வைத்திருக்கிறேன். வளைகாப்பு சமயத்திலேயே விசாரிக்கிற அம்மாக்களிடம் எந்த மாதம் என்று கேட்டு, அந்த லேபிளை ஒட்டிவிடுவேன். ஐப்பசி பிறந்தால் 'ஐப்பசி'யைத் தட்டினால் போதும். ஏழு பேரோ எட்டுப் பேரோ வருவார்கள். நானாகப் பொடி வேண்டுமா என்று கேட்பதில்லை. வேப்பம்பூவை மட்டும் அந்தக் கணக்குக்கு எடுத்து வைத்துவிடுவேன். எந்தப் போஸ்டரும் எனக்கு இந்த வசதியைத் தந்ததில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு நேற்று நடந்தது.

வீட்டுக்கும் கடைக்கும் எனக்கு ஒரே நம்பர். இரவு 9 முதல் காலை 9 வரை தானாகப் பதில் போகும்படி வைத்திருக்கிறேன். அது யாருக்கெல்லாம் போகலாம் என்று தேர்ந்தெடுக்க வசதி உண்டு. போன் புத்தகத்தில் இருப்பவர்களை விட்டுவிடலாம். ஆனால் என் வாடிக்கையாளர்களும் அதே புத்தகத்தில்தானே இருக்கிறார்கள்? அதனால் 'எல்லோருக்கும்' என்று வைத்தேன். உறவுக்காரர்களை ஒவ்வொருவராக விலக்கி வைக்கச் சோம்பல்.

விடியற்காலை 4.10க்குப் பெரியப்பா பிள்ளையிடமிருந்து செய்தி. "அப்பா போயிட்டார்." அதற்கடுத்த நொடி என் போன் அண்ணாவுக்கு எழுதியிருக்கிறது: "வணக்கம்! உங்கள் செய்தி கண்டு மகிழ்ச்சி. காலை 9 மணிக்குப் பதில் தருகிறோம். இந்த வாரம் அரை கிலோ பருப்புப் பொடி வாங்கினால் ரசப்பொடி 50 கிராம் இலவசம்."

நான் பார்த்தது ஐந்தே முக்காலுக்கு. அழிக்கலாமா என்று பார்த்தேன், இரண்டு நீல டிக் விழுந்திருந்தது. வார்த்தையும் என்னுடையது, வைத்த கையும் என்னுடையது. ஆப்பைத் திட்ட வழியில்லை. இருந்தாலும் இன்றைக்கு யாராவது நட்சத்திரம் போடச் சொன்னால் இரண்டுக்கு மேல் போட மாட்டேன். தோழிக்கும் இதைத்தான் சொன்னேன்: "முதல்ல ஒரு புது சிம் வாங்குடி. அது வர்ற வரைக்கும் எதையும் இறக்காதே. பையைத் தை."

நேற்று சாயங்காலம், எல்லாம் முடிந்து ஆற்றங்கரையிலிருந்து திரும்பிய பிறகு, அண்ணாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "பதிமூணாம் நாள் சுபம் ஆனப்புறம் அரை கிலோ பருப்புப் பொடி போட்டு வை. அப்பாவுக்கு உன் பொடின்னா உசிரு. ரசப்பொடி ஃப்ரீதானே?"

இதற்கு எந்த லேபிள் போடுவது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.