ஈ.ஜி.எம். 2008: வாய்க்கால் சர்வேயில் பல வருஷப் பழக்கம்

காவிரி டெல்டாவில் வாய்க்கால், வடிகால் சர்வேக்கு ஆர்.டி.கே. ரோவரோடு (செயற்கைக்கோள் சமிக்ஞையை வைத்து இடத்தையும் உயரத்தையும் துல்லியமாகக் காட்டும் கருவி) சேர்த்து ஈ.ஜி.எம். 2008 ஜியாய்டு மாதிரியை (ரோவர் தரும் உயரத்தைக் கடல்மட்ட உயரமாக மாற்ற உதவும் உலகளாவிய கணக்கு மாதிரி) பல வருஷமாகப் பயன்படுத்தி வருகிறேன். பக்கத்துப் பக்கத்து இடங்களின் உயர வித்தியாசத்துக்கு இதைத் தாராளமாக நம்பலாம். ஆனால் ஓரிடம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று இது காட்டும் எண்ணை அப்படியே வரைபடத்தில் ஏற்றக்கூடாது.

ரோவர் நேரடியாகத் தருவது எலிப்சாய்டு உயரம். எலிப்சாய்டு என்பது கணக்குக்காக வகுத்துக்கொண்ட வழுவழுப்பான பூமி உருவம். தண்ணீருக்கு அதெல்லாம் கிடையாது, புவியீர்ப்பு இழுக்கிற பக்கம்தான் ஓடும். பூமிக்குள் நிறை ஒரே சீராகப் பரவியில்லாததால், சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய, தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் நிற்கக்கூடிய பரப்பான ஜியாய்டு மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகத்திலேயே ஆழமான பள்ளம் நமக்குப் பக்கத்தில்தான், இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்: எலிப்சாய்டுக்குக் கீழே சுமார் 106 மீட்டர். அதை நோக்கி இறங்கும் சரிவில்தான் தமிழ்நாடு இருக்கிறது. பெங்களூரில் 86 மீட்டர் அளவில் இருக்கும் இறக்கம் சென்னையில் 90ஐத் தாண்டிவிடும். மெரினாவில் அலை தொடும் இடத்தில் ரோவரை நிறுத்தினால் திரையில் மைனஸ் 90 சொச்சம் காட்டுவது இதனால்தான். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கருவி பழுதாகிவிட்டதோ என்று பயந்துபோவார்கள்.

முன்பிருந்த ஈ.ஜி.எம். 96, 360 டிகிரி வரைதான் போகும் (இந்த டிகிரி கோண அளவல்ல, மாதிரியின் நுணுக்கத்தைச் சொல்லும் எண்). அதாவது சுமார் 55 கிலோமீட்டரைவிடச் சிறிய மாற்றங்கள் அதில் தெரியாது. 2008 மாதிரி 2159 டிகிரி வரை போவதால் 9 கிலோமீட்டர் அளவு வரை பிரித்துக் காட்டுகிறது. பூமியின் ஈர்ப்பை அளந்த கிரேஸ் செயற்கைக்கோள்களின் அளவீடுகளும் தரையில் எடுத்த ஈர்ப்பு அளவீடுகளும் சேர்ந்து உருவான மாதிரி இது. டெல்டாவில் சில கிலோமீட்டருக்குள் ஆட்டோ லெவல் (கிடைமட்டமாகப் பார்த்து உயர வித்தியாசம் அளக்கும் தொலைநோக்கிக் கருவி) வைத்து, ஸ்டாஃப் என்கிற அளவுக்கோல் பிடித்துச் சரிபார்க்கும்போதெல்லாம் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போகிறது. ரோவரின் உயரத்திலேயே அந்த அளவு தடுமாற்றம் உண்டு என்பதால் எனக்கு இது திருப்திதான். மலையடிவாரத்தில் மட்டும் இந்த நம்பிக்கை எனக்குக் குறைவு. நிலம் வேகமாக ஏறி இறங்கும் இடத்தில் ஈர்ப்பும் அப்படியே மாறும், 9 கிலோமீட்டர் பிரிப்பு அங்கே போதாது.

சரி, கடல்மட்ட எண்ணை ஏன் அப்படியே எடுக்கக்கூடாது? நம் பி.எம். கற்களின் (பெஞ்ச் மார்க், அதாவது உயரம் அளந்து குறித்து நட்ட கற்கள்) உயரங்கள் சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களின் அலைப் பதிவுகளை வைத்து 1909இல் நிறுவிய மட்டத்தைச் சார்ந்தவை. ஈ.ஜி.எம்.மின் பூஜ்யமோ உலகம் முழுமைக்குமானது. இரண்டும் ஒன்றல்ல, இடத்துக்கு இடம் சில பத்து சென்டிமீட்டர் வரை விலகலாம். அதனால் வேலை தொடங்கும் முன் நல்ல நிலையில் உள்ள இரண்டு மூன்று பி.எம். கற்களில் ரோவரை வைத்து, வரும் வித்தியாசத்தை வேலை முழுவதற்கும் கழித்துக்கொள்கிறேன். அந்தக் கற்கள் பல இப்போது தார்ச் சாலைக்கும் சிமென்ட் பூச்சுக்கும் அடியில் புதைந்து கிடப்பது மனசை வலிக்கச் செய்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட உழைப்பு அது.

இன்னொன்று, ஒரு வேலைக்கு ஒரே ஜியாய்டு கோப்புதான். ஒரு வடிகாலின் மேல்பகுதியை வேறு ஒரு குழு ஈ.ஜி.எம். 96இல் அளந்திருந்தது, கீழ்ப்பகுதியை நாங்கள் 2008இல் அளந்தோம். இரண்டையும் சேர்த்து நீள்வெட்டு (வடிகாலின் நீளம் நெடுக உயரம் காட்டும் படம்) வரைந்தபோது, சேரும் இடத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு துள்ளல். 5000க்கு 1 சரிவென்றால் ஒரு கிலோமீட்டருக்கு 20 சென்டிமீட்டர்தான் இறக்கம். அங்கே 15 சென்டிமீட்டர் பிழை இருந்தாலே முக்கால் கிலோமீட்டரின் சரிவு காணாமல் போய்விடும். அப்புறம் வயலில் நிற்கிற மழைத்தண்ணீர் எப்படி வடியும்?

மதகின் அடிமட்டத்தை மட்டும் இன்றைக்கும் ரோவரில் எடுக்க மாட்டேன். அதற்கு ஆட்டோ லெவல்தான், போன வழியே திரும்பவும் அளந்துகொண்டு வந்து, தொடங்கிய இடத்தின் உயரமே திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே எழுதுவேன்.