மைன்கிராஃப்டில் 16 சாயம்: நாலு வருஷ அனுபவம்

மைன்கிராஃப்ட், சதுரக் கட்டைகளை (பிளாக்) அடுக்கி உலகம் கட்டுகிற ஆட்டம். 2021 மழைக்காலத்தில் தொடங்கிய அதே சர்வைவல் உலகத்தில்தான், அதாவது எல்லாப் பொருளையும் நாமே தேடிச் சேர்க்க வேண்டிய உலகத்தில்தான், இன்றுவரை விளையாடிக்கொண்டிருக்கிறேன். கணினியில், ஜாவா பதிப்பு. அந்த உலகத்தில் ஏரிக்கரையை ஒட்டி இப்போது ஒரு தெரு நிற்கிறது. பதினாறு வீடு, பதினாறு நிறம். அதைக் கட்டி முடிக்கத்தான் இத்தனை வருஷம் ஆனது. கட்டிய நேரத்தைவிடச் சாயத்துக்கு அலைந்த நேரம் அதிகம்.

எந்தப் பூவுக்கு எந்தச் சாயம் என்பதை இங்கே வரிசையாக எழுதப்போவதில்லை. ஆட்டத்துக்குள் இருக்கிற ரெசிபி புத்தகமே அதைச் சொல்லிவிடும். எந்தச் சாயம் கையில் நிற்காது, எது அள்ள அள்ளக் குறையாது, எந்தக் கட்டையில் எப்படி ஏறும் என்பதெல்லாம் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நான் பழகித் தெரிந்துகொண்டது இது.

தெருவுக்குக் காரணம் என் அக்கா மகள். ஒரு லீவுக்கு வந்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவள், "மாமா, எனக்கு வாடாமல்லி கலர்ல ஒரு வீடு கட்டிக் குடு" என்றாள். ஆட்டத்தில் அந்த நிறத்துக்குப் பெயர் மெஜந்தா. அவள் பாட்டியோடு புடவைக் கடைக்குப் போய்ப் போய் நிறங்களின் பெயரை அங்கேதான் கற்றிருக்கிறாள். அன்றிலிருந்து எங்கள் உலகத்தில் லைம் என்பது கிளிப்பச்சை, பர்ப்பிள் என்பது கத்தரிப்பூ, சயான் என்பது மயில்கழுத்து. யோசித்துப் பார்த்தால் இந்த ஆட்டத்துக்கு இதுதான் பொருத்தமான பெயர்முறை. பூவிலிருந்தும் காயிலிருந்தும் பறவையிலிருந்தும் நிறத்துக்குப் பெயர் எடுக்கிறோம் நாம். இங்கேயும் நிறம் பூவிலிருந்தும் கள்ளியிலிருந்தும் கணவாயின் மைப்பையிலிருந்தும்தான் வருகிறது. 2019 ஏப்ரலில் வந்த 1.14 பதிப்புக்கு முன்னால் ஆட்டத்திலேயே சிவப்புக்கு 'ரோஸ் ரெட்', மஞ்சளுக்கு 'டேன்டேலியன் யெல்லோ', பச்சைக்கு 'கேக்டஸ் கிரீன்' என்றுதான் பெயர். அதையெல்லாம் வெறும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மாற்றிவிட்டார்கள். எனக்குப் பழைய பெயர்கள்தான் பிடிக்கும்.

வாடாமல்லி வீட்டுக்கு வருகிறேன். சுவருக்கு 320 கான்கிரீட் கட்டை தேவைப்பட்டது. நாலு மணல், நாலு கிராவல் (சரளை), ஒரு சாயம் சேர்த்தால் எட்டு கான்கிரீட் பொடி. அப்படியானால் 40 சாயம். முதலில் நான் போன வழி தவறானது. ஃப்ளவர் ஃபாரஸ்ட் என்ற பூங்காட்டுப் பகுதியில் அல்லியம் பூ கிடைக்கும், ஒரு பூவுக்கு ஒரு மெஜந்தா. அதைப் பறிக்க ஒரு மாலை முழுக்க நடந்து, இருபத்துச் சொச்சம் பூவோடு திரும்பினேன். ஆனால் அதே மெஜந்தாவைத் தரும் லைலாக் செடி வீட்டுக்குப் பின்னால் இருந்த காட்டிலேயே இருந்தது. தானாக முளைத்து இரண்டு கட்டை உயரத்தில் நிற்கிற நாலு பூச்செடிகள் இருக்கின்றன: ரோஜாப் புதர், லைலாக், பியோனி, சூரியகாந்தி. இவற்றின்மேல் எலும்புத்தூளைத் தூவினால் செடி அப்படியே நிற்கும், அதே பூ இன்னொன்று கீழே விழும். அந்த ஒரு பூ இரண்டு சாயம் தரும். செடியைப் பிடுங்க வேண்டாம், எங்கேயும் போக வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு எலும்பை உடைத்தால் மூன்று எலும்புத்தூள். மூன்று தூளுக்கு மூன்று லைலாக், அதாவது ஆறு சாயம், அதாவது 48 கான்கிரீட் கட்டை. அக்கா மகளின் வீட்டுச் சுவர் மொத்தமும் ஏழு எலும்பில் முடிந்தது. ஒரு ராத்திரி வாசலில் நின்று எலும்புக்கூடுகளோடு சண்டை போட்டால் இதைவிட அதிகமாகவே கிடைக்கும். உண்மையில் அந்த வீட்டில் என் நேரத்தைத் தின்றது 160 மணலும் 160 கிராவலும்தான்.

அன்றிலிருந்து எல்லாச் சாயத்தையும் எலும்புத்தூள் கணக்கிலேயே பார்க்க ஆரம்பித்தேன். அதில் எதிர்பாராத விஷயங்கள் தெரிந்தன. வெள்ளைச் சாயம்தான் மலிவு என்று பலரும் நினைக்கிறார்கள், எலும்புத்தூளை நேராகப் போட்டாலே வந்துவிடுகிறதே என்று. ஆனால் ஒரு தூளுக்கு ஒரு வெள்ளைதான் கிடைக்கும். ரோஜாப் புதர் வழியாகப் போனால் அதே தூளுக்கு இரண்டு சிவப்பு. ரோஸ் நிறத்திலும் இதே கதை. சிவப்பையும் வெள்ளையையும் கலந்து நாலு ரோஸ் சாயம் எடுக்க மூன்று தூள் செலவாகும், பியோனியில் எடுத்தால் இரண்டே தூள். ஆரஞ்சுக்கு மட்டும் கலப்பதுதான் நல்லது. ஒரு ரோஜாவும் ஒரு சூரியகாந்தியும் சேர்ந்தால் நாலு ஆரஞ்சு. சூரியகாந்தி அதற்கென்று உள்ள சமவெளியில் மட்டும்தான் முளைக்கும் என்பதால் அதைத் தேடி ஒரு தடவை தூரம் போகத்தான் வேண்டும். ஒரே ஒரு செடி கொண்டுவந்தால் போதும். அது எப்போதும் கிழக்கு பார்த்தே நிற்கும், ஆகவே தோட்டத்தில் திசைகாட்டியாகவும் ஆயிற்று.

கம்பளிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கண்ணாடி, டெரகோட்டா (சுட்ட மண் கட்டை), கான்கிரீட் பொடி எதுவானாலும் ஒரு சாயம் எட்டுக் கட்டைக்கு வரும். கம்பளி மட்டும் ஒன்றுக்கு ஒன்று. முதல் வருஷம் இதைக் கவனிக்காமல் மஞ்சள் வீட்டின் கூரைக்குப் பெட்டி பெட்டியாகச் சாயத்தைக் கொட்டினேன். கம்பளிக்குச் சாயம் போடவே வேண்டாம், ஆட்டுக்குப் போடுங்கள். சாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டின்மேல் ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். ஆயுசுக்கும் அந்த ஆடு அதே நிறம்தான். ஒரு தடவை கத்தரித்தால் ஒன்று முதல் மூன்று வரை கம்பளி கிடைக்கும். ஆடு தலையைக் குனிந்து புல்லைக் கடிக்கும், காலடியில் அந்தக் கட்டை பச்சை போய் வெறும் மண்ணாகும், அதே நொடியில் முதுகில் நிறம் மறுபடி பொங்கி வந்து உட்காரும். நாலு வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. பட்டியை ரொம்பக் குறுக்கிவிடாதீர்கள். சுற்றிலும் புல் இருந்தால்தான் மண்ணான கட்டையில் திரும்பப் புல் பரவும்.

வெவ்வேறு நிறத்து ஆடுகள் இரண்டுக்குக் கோதுமை கொடுத்து இணைசேர்த்தால், கலக்கக்கூடிய நிறங்களாக இருந்தால் குட்டி கலந்த நிறத்தில் பிறக்கும். சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் ரோஸ் குட்டி. அக்கா மகள் பள்ளிக்கூடத்தில் படித்ததை நம்பி நீல ஆட்டையும் மஞ்சள் ஆட்டையும் சேர்த்துவிட்டுப் பச்சைக் குட்டிக்காகக் காத்திருந்தாள். நீலமாகவே பிறந்தது. மறுபடி செய்தாள், மஞ்சளாகப் பிறந்தது. இந்த ஆட்டத்தில் நீலமும் மஞ்சளும் கலந்து பச்சை வராது. பச்சைக்குக் கள்ளியை அடுப்பில் சுட்டே தீர வேண்டும். அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் வர்ணத்தில் குழந்தைகள் கையால் கலந்து பார்த்த ஒன்று இங்கே நடக்காமல் போவது ஒரு குறைதான். இயற்கையாகவே ரோஸ் நிறத்தில் பிறந்த ஆட்டைக் காட்டித்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன். அப்படி ஆடு தோன்றுவதற்கான வாய்ப்பு 0.164 சதவீதம். மூன்றாவது வருஷத்தில் ஒன்று கிடைத்தது, இன்னும் தனிப் பட்டியில் வைத்திருக்கிறோம்.

பச்சைக்குப் பொறுமை வேண்டும். கள்ளி தானாக வளரும், மூன்று கட்டை உயரம்வரை. பக்கத்தில் ஒரு கட்டை இருந்தால் வளர்ந்த துண்டு உடைந்து விழும். இதை வைத்து ஆளில்லாமல் ஓடும் கள்ளித் தோட்டம் போட்டிருக்கிறேன். விழும் துண்டுகளில் சில வேறு கள்ளியின்மேல் பட்டு அழிந்துவிடும், அந்த நஷ்டத்தைத் தவிர்க்கப் பார்த்துச் சலித்து விட்டுவிட்டேன். ஒரு துண்டு சுட 10 வினாடி, ஒரு கரிக்கு எட்டுத் துண்டு. 64 துண்டு சுட்டெடுக்கக் கிட்டத்தட்ட 11 நிமிஷம். அடுப்பை ஏற்றிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். கிளிப்பச்சைக்கு இந்தப் பச்சையோடு வெள்ளை கலந்தால் இரண்டாகும். கடலடியில் பவளப்பாறைப் பக்கம் கிடைக்கிற சீ பிக்கிள் என்ற கடலுயிரைச் சுட்டும் எடுக்கலாம், ஆனால் அதற்காக அவ்வளவு தூரம் கடலில் இறங்க நான் சொல்லமாட்டேன்.

பழுப்புக்கு ஜங்கிள் மரக்கட்டையில் கோக்கோ நட்டால் பழுத்ததும் மூன்றாகக் கிடைக்கும், அது ஒரு கவலையே இல்லை. கறுப்புக்குக் கணவாய்தான். மீன் பிடிக்கும்போது எப்போதாவது பத்து மைப்பை மொத்தமாகத் தூண்டிலில் வரும், அது ஒரு யோகம்.

உண்மையான பஞ்சம் நீலத்தில்தான். இரண்டு கட்டை உயரத்தில் நீலப் பூ கிடையாது. லாபிஸ் என்ற நீலக் கல்லைத் தோண்ட வேண்டும், அல்லது கார்ன்ஃப்ளவர் என்ற நீலப் பூவைப் பறிக்க வேண்டும். 1.18 பதிப்புக்குப் பிறகு லாபிஸ் அதிகம் கிடைப்பது Y மட்டம் (உயரக் கணக்கு) 0 பக்கத்தில். ஒரு தாதுக்கட்டையிலிருந்து 4 முதல் 9 வரை விழும். கிடைப்பதைப் பெருக்கும் ஃபார்ச்சூன் III மந்திரம் போட்ட பிக்காக்ஸ் (பாறை உடைக்கும் கருவி) இல்லாமல் போகாதீர்கள். ஆனால் கருவிகளுக்கு மந்திரமேற்றவும் லாபிஸ்தானே வேண்டும், அதனால் சுவருக்கு என்று எடுத்து வைக்க மனசு வராது. எனக்கு வழி காட்டியது ஃப்ளவர் ஃபாரஸ்ட். அங்கே எந்த இடத்தில் எந்தப் பூ முளைக்கும் என்பது இடத்தைப் பொறுத்து நிர்ணயம். கார்ன்ஃப்ளவர் நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே புல்லில் எலும்புத்தூளைத் தூவிக்கொண்டிருந்தால் திரும்பத் திரும்ப அதே பூ கிடைக்கும். அங்கே ஒரு குடிசையும் ஒரு பெட்டியும் போட்டிருக்கிறேன். ஆகாய நீலம், கத்தரிப்பூ, மயில்கழுத்து மூன்றுக்கும் நான் பெரும்பாலும் நீலத்தைத்தான் நம்பியிருக்கிறேன் என்பதால் அந்தக் குடிசைக்கு மாதம் ஒரு தடவையாவது போகிறேன்.

இனி, சாயம் ஏறுகிற விதம். இதில் நான் நிறையவே ஏமாந்தேன். ஆகாய நீல வீட்டுக்கு 128 டெரகோட்டா செய்தேன், 16 சாயம். சுவரில் வைத்துப் பார்த்தால் வானம் இல்லை, சாம்பல் கலந்த மங்கின ஊதா. டெரகோட்டா சுட்ட மண், அதன் செம்பழுப்பு அடியில் இருந்துகொண்டே இருக்கும். வெளுக்காத காடாத் துணியில் சாயம் தோய்த்தால் எப்படி மங்குமோ அப்படி. ஒரு தடவை சாயம் ஏறிய டெரகோட்டாவுக்கு வேறு சாயம் ஏற்ற முடியாது. கம்பளிக்கும் படுக்கைக்கும் இப்போது நிறம் மாற்றலாம், மண்ணுக்கு முடியாது. அந்த 128 கட்டையும் இன்னும் பெட்டியில் கிடக்கின்றன. ஆனால் அதே குணம்தான் பிறகு எனக்குப் பிடித்துப்போனது. மயில்கழுத்துச் சாயம் டெரகோட்டாவில் ஏறினால் கருங்கல் மாதிரி ஒரு சாம்பல் வரும். கூரைக்கு அதைவிட நல்ல கட்டை நான் பார்க்கவில்லை. ஆகவே எதையும் மொத்தமாகச் செய்வதற்கு முன் எட்டே எட்டுக் கட்டை செய்து வெளியில் வைத்து, பகலிலும் ராத்திரி விளக்கு வெளிச்சத்திலும் பாருங்கள்.

தெளிவான நிறம் வேண்டுமானால் கான்கிரீட்தான். 2017 ஜூனில் 1.12 பதிப்பில் வந்தது. பொடியாக இருக்கும்போது அச்சு அசல் கலர் கோலப்பொடி, அதே நொறுநொறுப்பு. தண்ணீர் பட்டதும் இறுகி வழவழப்பாகி நிறம் ஒரு படி ஏறும். நான் செய்வது இப்படி: ஓடுகிற தண்ணீர் ஒன்றின் எதிரில் நின்றுகொண்டு, இடது கையில் பொடி, வலது கையில் பிக்காக்ஸ். பொடியை வைத்த நொடியிலேயே இறுகிவிடும், உடனே உடைத்து எடுத்துவிடலாம். பிக்காக்ஸ் இல்லாமல் வெறும் கையால் உடைத்தால் கட்டை கிடைக்காது, சாயமும் போச்சு.

மஞ்சள் வீட்டுக் கூரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். கணப்பு அடுப்புக்கு மேலே கம்பளியால் கூரை போட்டிருந்தேன், ஒரு நாள் தீப்பிடித்து மொத்தமும் போய்விட்டது. கம்பளி எரியும். இப்போது அங்கே மஞ்சள் கான்கிரீட் இருக்கிறது.

சாயம் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஊர் சுற்றும் வியாபாரி ஒரு மரகதத்துக்கு (ஆட்டத்தில் அதுதான் காசு) மூன்று சாயம் தருகிறார், வாங்காதீர்கள். அதற்குப் பதில் கிராமத்து இடையரிடம் விற்கலாம். அவர் 12 சாயத்துக்கு ஒரு மரகதம் கொடுப்பார். வெள்ளை 12 என்றால் நாலே எலும்பு.

2023 ஜூனில் வந்த 1.20இல் ஸ்னிஃபர் என்ற விலங்கு வந்தது. வெப்பக் கடலடி இடிபாடுகளில் மணலைத் தூரிகையால் துடைத்து முட்டை எடுக்க வேண்டும். அது தோண்டித் தரும் விதையிலிருந்து வளர்கிற பிட்சர் பிளான்ட் ஒன்றுக்கு இரண்டு மயில்கழுத்துச் சாயம் கிடைக்கும். வளர்ந்த செடி விதையைத் திருப்பித் தராது என்பதால் இதில் யாரும் பணக்காரர் ஆக முடியாது. ஆனாலும் எங்களிடம் இரண்டு ஸ்னிஃபர் இருக்கின்றன. அக்கா மகள் வரும்போதெல்லாம் முதல் வேலையாக அவற்றின் பின்னாலேயே போய், மூக்கால் மண்ணைக் கிளறி எடுத்துப் போட்டதைப் பொறுக்கிக்கொண்டு வருவாள். போன லீவுக்கு எட்டுச் செடி சேர்ந்தது. பதினாறு சாயம் ஆனதும், "மாமா, இத சுவத்துக்குப் போட வேணாம், நாய்க்கெல்லாம் கழுத்துப்பட்டைக்குப் போடலாம்" என்றாள். ஐந்து நாய்க்கும் போட்டோம். மீதி பதினொன்று அப்படியே பெட்டியில் இருக்கிறது, அவள் வந்துதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.